நந்தனாருக்கு ஒரு தம்பி இருந்திருந்தால்

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் புகுந்து வழிபட்டார்கள். வணிகத்தில் முன்னேறிய சமூகம் அவர்களுடையது. கையில் காசு இருந்தது, ஊரில் கடை இருந்தது, கோயில் வாசலைத் தாண்டும் அனுமதி மட்டும் இல்லை. கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் தரப்பு வழக்குப் போட்டது. நாடார்கள் நுழைந்ததால் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, தீட்டுக் கழிக்கும் செலவை அவர்கள் தர வேண்டும், இனிமேல் நுழையாதபடி தடை விதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மதுரை நீதிமன்றத்தில் நாடார்கள் தோற்றார்கள். சென்னை உயர்நீதிமன்றத்திலும் தோற்றார்கள். விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அங்கேயும் தோற்றார்கள். இடையில் 1903-இல் பாஸ்கர சேதுபதி காலமாகி, வழக்கு அவர் மகன் பெயருக்கு மாறியிருந்தது.

கமுதிச் சுந்தரேசுவரருக்கு யார் வந்தால் தீட்டு என்பதை, மாட்டிறைச்சி விருந்துக்குப் பழகிய ஆங்கிலப் பிரபுக்கள் லண்டனில் உட்கார்ந்து உறுதிசெய்தார்கள். அவர்கள் இறையியல் எதையும் ஆராயவில்லை. இந்த ஊரில் வழக்கம் என்ன என்று கேட்டார்கள். நாடார்கள் உள்ளே வருவதில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். வழக்கம் சட்டமாயிற்று. பணமும் வழக்கறிஞரும் கப்பலேறிப் போகும் தெம்பும் இருந்தவர்களுக்கே நீதிமன்றம் கொடுத்தது இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கமுதிச் சம்பவத்துக்கு நான்கு மாதம் முன்னால், அதே 1897 ஜனவரியில், சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றவர் இதே பாஸ்கர சேதுபதி. சாமியார் வந்த வண்டியை மன்னரே இழுத்தார் என்பது வரலாறு. அங்கிருந்து வடக்கே புறப்பட்ட விவேகானந்தர் மானாமதுரையில் பேசும்போது, தொடாதே, தொடாதே என்பதையே மதமாக ஆக்கிக்கொண்டவர்களைக் கடுமையாகக் கிண்டலடித்தார். மானாமதுரைக்கும் கமுதிக்கும் ஒன்றும் பெரிய தூரமில்லை.

சேதுபதியைத் திட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அத்வைதத்தைக் கேட்டு உருகிய மனமும் கோயில் வழக்கத்தைக் காக்க நீதிமன்றப் படியேறிய மனமும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன? அவரைப் பொறுத்தவரை முரண்பாடே தெரிந்திருக்காது. எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்பது தத்துவம். யார் எங்கே நிற்க வேண்டும் என்பது நடைமுறை. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. இறைவன் முன் நிற்பது அவன் தரும் அருளா, மனிதனுக்கு உள்ள உரிமையா என்ற கேள்வி அந்தக் கதவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்குத் தமிழ்ப் பக்தி மரபிடம் ஒரு பதில் உண்டு என்று பலரும் சொல்வார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தைக் காட்டுவார்கள். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவார் என்ற நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்து, வாசலுக்கு வெளியே நின்று கும்பிடுபவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. தில்லையில் தீ மூட்டப்படுகிறது; அதில் மூழ்கி, பூணூலும் சடையுமாக முனிவர் கோலத்தில் எழுந்து, அம்பலத்துக்குள் போய் மறைகிறார். வைணவத்தில் திருப்பாணாழ்வார். காவிரிக்கரையில் நின்று பாடியவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கனிடம் கொண்டு சேர்க்கிறார்; அவரும் அரங்கனோடு கலந்துவிடுகிறார். காளத்திக் கண்ணப்பர் கதை இவற்றைவிடத் துணிச்சலானது. வாயில் கொண்டுவந்த நீரால் திருமுழுக்கு, கடித்துச் சுவை பார்த்த இறைச்சி படையல். ஆகமம் தெரிந்த சிவகோசரியார் தினமும் வந்து, ஐயோ என்று பதறி, எல்லாவற்றையும் கழுவித் தூய்மை செய்கிறார். கடைசியில் இறைவன் அவரை மறைந்திருந்து பார்க்கச் சொல்லி, எந்தப் பூசை தனக்கு உகந்தது என்று காட்டுகிறான்.

அழகான கதைகள். ஆனால் அவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. திருப்புன்கூரில் நந்திதான் நகர்ந்தது, வாசலில் இருந்த தடை அப்படியே இருந்தது. ஆழ்வாரின் கால் கோயில் தரையில் படவில்லை. ஒருவர் தோளில் ஏறித்தான் போனார். உள்ளே போனவர் யாரும் மறுநாள் திரும்பி வரவில்லை. கலந்துவிட்டார்கள், மறைந்துவிட்டார்கள். வழக்கம் ஒரு நொடி விலகி வழிவிட்டு, அவர்கள் போனதும் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

நந்தனாருக்கு ஒரு தம்பி இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பக்திமான் இல்லை. வயல் வேலை முடித்து, குளித்து, வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குப் போய் ஒரு சூடம் பார்த்து, திருநீறு பூசிக்கொண்டு வீடு திரும்ப நினைக்கும் சாதாரண ஆள். அவருக்கு நந்தி விலகுமா? தீயில் இறங்கச் சொன்னால் அவர் ஏன் இறங்க வேண்டும்? பெரிய புராணத்தில் அவருக்கு இடம் கிடையாது, கிடைத்திருக்கவும் முடியாது. அருள் தனியொருவருக்கு, அவருடைய தகுதி கண்டு, அற்புதமாக வருவது. உரிமை இந்தத் தம்பிக்கும் சேர்த்து இருப்பது. அற்புதம் எதுவும் நிகழாத ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையிலும் செல்லுபடியாவது.

அந்த வெள்ளிக்கிழமையை நோக்கிய முதல் பெரிய அடி மதுரையில் விழுந்தது. 1939 ஜூலை 8 அன்று வழக்கறிஞர் ஏ. வைத்தியநாத அய்யர், பின்னாளில் தமிழக அமைச்சரான கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்ட சமூகத்தாரையும் விருதுநகர் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அப்போதைய செயல் அலுவலர் ஆர்.எஸ். நாயுடு தடுக்கவில்லை, வரவேற்றார். சட்டப்படி பார்த்தால் அன்று அவர்கள் செய்தது சிக்கலான காரியம். கமுதித் தீர்ப்பு உயிரோடுதான் இருந்தது. வழக்கத்தை மீறினார்கள் என்று எவரும் நீதிமன்றம் போகலாம். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு முறையான சட்டமாக்கி, நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்றியது. உரிமை முதலில் நடந்துவிட்டது. சட்டம் மூச்சுவாங்க ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

அதன் பிறகு நடந்ததுதான் சமயத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு விருந்து. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசைக்கு வர மறுத்தார்கள். மீனாட்சி கோயிலை விட்டே போய்விட்டாள் என்று சனாதனத் தரப்பில் சொன்னார்கள். ஊருக்குள் ஒரு வீட்டு வளாகத்தில் தனியாக மீனாட்சியை வைத்து வழிபாடும் நடத்தினார்கள். கக்கன் உள்ளே வந்ததும் வெளியேறிவிடும் தெய்வம் என்றால் யார் பலசாலி என்று கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு உள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது, அதைக் கேட்காமல் வாதாடுவது நியாயமாகாது.

ஆகமப் பார்வையில் கோயில் மூர்த்தி நினைவுச் சின்னமோ கலைப்பொருளோ அல்ல. மந்திரத்தாலும் கிரியையாலும் இறைவனை அங்கே எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். அந்தச் சாந்நித்தியம் தினசரிப் பூசையால் காக்கப்படுகிறது. முறை தவறினால் குறைகிறது. குறைந்தால் பாதிப்பு ஊருக்கும் நாட்டுக்கும். வீட்டில் தனக்காகச் செய்யும் ஆன்மார்த்த பூசையைத் தீட்சை பெற்ற எவரும் செய்யலாம். ஊருக்காகச் செய்யும் பரார்த்த பூசை ஆதிசைவ மரபில் பிறந்த சிவாசாரியார்களுக்கே உரியது என்று சைவ ஆகம வழியினர் சொல்கிறார்கள். வைணவத்தில் வைகானசர்களுக்கும் பாஞ்சராத்திரிகளுக்கும் இதே போன்ற வரம்புகள் உண்டு. இது சாதி விவகாரமே இல்லை, மற்றப் பிராமணர்களுக்கும்கூட மூலவரைத் தொட உரிமை கிடையாதே என்பது அவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம். அந்தத் தகவல் உண்மைதான்.

நுழைவுப் பிரச்சினையைச் சட்டம் ஓரளவு தீர்த்துவிட்டது. 1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 25-ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைக் கொடுத்த கையோடு, பொதுவான இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடும் சட்டங்களை அது தடுக்காது என்றும் சொன்னது. தென்கன்னடத்தில் முல்கி வெங்கடரமணர் கோயிலை நடத்திய கௌட சாரஸ்வதர்கள், இது எங்கள் பிரிவினரின் கோயில், 1947-ஆம் ஆண்டுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 1957-இல் தீர்ப்பு. அவர்களுடைய பிரிவு உரிமையை ஒப்புக்கொண்டு, ஆனாலும் எல்லோரும் கும்பிட வரும் உரிமை அதற்கு மேலானது என்றது நீதிமன்றம். சில சிறப்புச் சடங்குகளை மட்டும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை தந்தது. தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம அய்யர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் கரை கண்டவர் என்று சங்கீத உலகம் கொண்டாடும் அதே ஆள்தான். தீட்சிதர் பாடிய தலங்களையெல்லாம் மனத்தில் சுமந்தவர் கையால் அந்தக் கதவு திறந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கருவறைப் படியில் கதை வேறு மாதிரி ஆயிற்று.

1970-இல் கருவறை நுழைவுக் கிளர்ச்சியைப் பெரியார் அறிவித்தார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவருக்குக் கருவறையில் என்ன வேலை என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அவர் பார்வையில் அது பக்திப் பிரச்சினையே அல்ல. ஊரில் எல்லா இடத்திலும் சமம், ஓர் அறையில் மட்டும் பிறவியால் இழிவு என்றால் அந்த ஓர் அறையே மற்ற எல்லா இடத்து இழிவுக்கும் அத்தாட்சி. கருணாநிதி அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, பரம்பரையாக அர்ச்சகர் ஆகும் முறையை நீக்கியது. அர்ச்சகர்களும் மடத்தலைவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972 மார்ச்சில் வந்த சேஷம்மாள் தீர்ப்பு ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டது. அர்ச்சகர் நியமனம் உலகியல் சார்ந்த செயல், அதில் பரம்பரை உரிமை கிடையாது. எனவே திருத்தம் செல்லும். ஆனால் ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சேராதவர் தொட்டால் மூர்த்தி தீட்டாகும் என்பது சமய நம்பிக்கை; அறங்காவலர் அதை மதித்தே நியமிக்க வேண்டும். அப்பன் இடத்தில் மகன் வர வேண்டியதில்லை, ஆனால் வருபவர் அதே வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பரில் பெரியார் இறந்தபோது, அவர் நெஞ்சில் தைத்த முள்ளோடு போனார் என்று கருணாநிதி சொன்னது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தீட்டு என்ற சொல்லை அரசியலமைப்பு ஒழித்து 22 ஆண்டுகள் ஆன பிறகு, நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் சமய நம்பிக்கை என்ற பெயரில் பத்திரமாக எடுத்து வைத்தது. கமுதி வழக்கில் பிரிவி கவுன்சில் வழக்கத்தைக் கேட்டது. 1972-இல் டில்லி ஆகமத்தைக் கேட்டது. நூல் மாறியது, கேட்கும் முறை பெரிதாக மாறவில்லை. வழக்கத்துக்காவது ஊரார் வந்து சாட்சி சொல்லலாம். 28 சைவ ஆகமங்களும் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன; அவற்றை முழுதாகப் படித்தவர்கள் நாட்டில் மிகச் சிலர்; அவர்களில் பெரும்பாலோர் வழக்கின் ஒரு தரப்பைச் சேர்ந்தவர்கள். எதிர்த்தரப்பு தன் கையில் வைத்திருக்கும் புத்தகத்தை நம்பி வாதாட வேண்டியவருக்கு நீதி எவ்வளவு எட்டும்?

ஆகம வாதத்தை அதன் சொந்தத் தளத்திலேயே எடுத்துக்கொண்டாலும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. சாந்நித்தியத்தைக் காப்பது தீட்சை, மந்திரம், ஒழுக்கம், முறை தவறாத கிரியை என்றால், அவை அத்தனையும் கற்றுத் தேறக்கூடியவை. சைவ சித்தாந்தத்தில் தீட்சை பிராமணர்களின் தனிச்சொத்தாக இருந்ததே இல்லை. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களின் தலைவர்கள் வேளாளர்கள். அவர்களிடம் தீட்சை பெறுபவர்கள் ஏராளம். பிறப்பு மட்டும்தான் கற்க முடியாதது. ஆகவே தடை கடைசியில் வந்து நிற்கும் இடம் பிறப்புதான். மற்றப் பிராமணரும் தொட முடியாது என்பது இதை மாற்றிவிடாது. சாதிக்குள் இன்னொரு சாதி இருப்பதாகவே அதற்கு அர்த்தம்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் இதை ஆராய நீதிபதி எஸ். மகராஜன் தலைமையில் குழு அமைந்தது. டி.கே.சி.யின் வட்டத்தில் வளர்ந்தவர், கம்பனில் தோய்ந்தவர், ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். எல்லாச் சாதியினருக்கும் பயிற்சி கொடுத்து அர்ச்சகர் ஆக்கலாம் என்று 1982-இல் அறிக்கை தந்தார். அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

இதற்கெல்லாம் வெகு முன்னால், 1936-இல், அம்பேத்கர் தமது சாதி ஒழிப்பு நூலில் நேரடியான ஒரு யோசனை சொல்லியிருந்தார். பரம்பரைப் புரோகிதத்தை நீக்க வேண்டும். எந்த இந்துவும் அரசு நடத்தும் தேர்வில் தேறிச் சான்று பெற்றால் புரோகிதர் ஆகலாம். சான்று இல்லாதவர் செய்யும் சடங்கு செல்லாது. மருத்துவருக்கும் பொறியாளருக்கும் இருக்கும் விதி இவர்களுக்கு ஏன் கூடாது என்பது அவர் கேள்வி. அவரே 1930-இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் சத்தியாகிரகம் நடத்தியவர். 1933-இல் சி.எஸ். ரங்க அய்யர் மத்திய சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவந்தபோது மட்டும் ஆதரவு தர மறுத்தார். கோயிலுக்குள் விட்டால் போதுமா, அதன் பிறகு என்ன, சாதியை விடுவீர்களா என்று கேட்டார். படிப்பும் வேலையும் மானமும் முதலில் வேண்டும் என்றார். இன்றும் தலித் அறிவாளிகள் பலர் இந்த இரண்டாவது அம்பேத்கரையே மேற்கோள் காட்டி, எந்தச் சாமி நம்மை வேண்டாம் என்கிறதோ அதன் வாசலில் ஏன் நிற்க வேண்டும் என்கிறார்கள். வலுவான கேள்வி. ஆனால் போக வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கும் போகும் உரிமை முதலில் இருக்க வேண்டும். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர் எடுக்கும் முடிவை யாரும் அவருடைய விருப்பம் என்று எண்ண மாட்டார்கள்.

கேரளம் முந்திக்கொண்டது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சிவன் கோயில் ஒன்றில் ஈழவர் ஒருவரைத் தேவஸ்வம் போர்டு சாந்தியாக, அதாவது பூசாரியாக, நியமித்ததை எதிர்த்த வழக்கில், 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நேராகப் பேசியது. தமிழரான நீதிபதி துரைசாமி ராஜு எழுதிய அந்தத் தீர்ப்பு, மனித உரிமைக்கும் கண்ணியத்துக்கும் சமத்துவத்துக்கும் எதிரான எந்த வழக்கத்தையும், அது எவ்வளவு பழையது என்று நிரூபித்தாலும், ஏற்க முடியாது என்றது. கமுதியில் தொடங்கிய சங்கிலி அங்கே அறுந்தது என்று சொல்லலாம். 2017-இல் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தேர்வு வைத்து, இட ஒதுக்கீட்டின்படி 62 பேரை நியமித்தது. அவர்களில் 36 பேர் பிராமணர் அல்லாதவர்கள், 6 பேர் தலித்துகள். அங்கும் எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடக் கூடாது. 2025 தொடக்கத்தில் இரிஞ்சாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலில் மாலை கட்டும் பணிக்கு ஈழவர் ஒருவர் தேர்வாகி வந்ததும் தந்திரிகள் சடங்குகளைப் புறக்கணித்தார்கள். அவரை அலுவலகப் பணிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் 2006 மே மாதம் தகுதியுள்ள அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை வந்தது. மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, திருவரங்கம், சென்னை ஆகிய இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் படித்து முடித்தார்கள். நந்தனாரின் தம்பிக்குக் கடைசியில் ஒரு சான்றிதழ் கிடைத்தது என்றே சொல்லலாம். வேலை கிடைக்கவில்லை. அரசாணைக்கு உச்ச நீதிமன்றத்தில் தடை. மந்திரம் கற்ற இளைஞர்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள். 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: ஆகமப்படியே நியமனம் இருக்க வேண்டும், ஆனால் சாதியையோ பிறப்பையோ வைத்து யாரையும் விலக்கக் கூடாது, சிக்கல் வந்தால் கோயில் கோயிலாகப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு தரப்பும் தாங்கள் வென்றதாக அறிவித்த அபூர்வமான தீர்ப்பு அது. 2018-இல் மதுரை தல்லாகுளம் அய்யப்பன் கோயிலில் முதல் நியமனம் நடந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வளாகத்தில் மு.க. ஸ்டாலின் 58 பேருக்குப் பணி ஆணை தந்தார். அவர்களில் 24 பேர் இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். பெண் ஒருவர் ஓதுவார் ஆனார்.

மறு ஆண்டே சென்னை உயர்நீதிமன்றம் புதிய நியமன விதிகள் ஆகமக் கோயில்களுக்குப் பொருந்தாது என்று வரம்பு கட்டி, எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைக்கச் சொன்னது. 2023 ஜூனில் சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஆகமமும் பூசை முறையும் தெரிந்திருப்பதுதான் தகுதி, சாதி வழி வந்த பரம்பரைக்கு இதில் இடமில்லை என்றார். அதே ஆண்டு செப்டம்பரில், இருக்கும் நிலையே தொடரட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் மூன்று பெண்கள் திருவரங்கம் பள்ளியில் அர்ச்சகர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஒரு தலைமுறையின் வேலை வயது இந்தத் தேதிகளுக்கு நடுவே கரைந்திருக்கிறது. தாமதம் என்ற ஒன்றை எந்தத் தீர்ப்பும் தன் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

ஆகமம் எட்டிப் பார்க்காத ஊர்க்கோயில்களுக்கு வந்தால், வாதமே வேறு. அங்கே பூசாரி பிராமணர் அல்லர். மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் பூசை செய்பவர்கள் மீனவ மரபினரான பருவதராஜ குலத்தார். ஆடு பலியும் கூழ் வார்த்தலும் தீமிதியும் கொண்ட சாமிகள் அவை. தொட்டால் தீட்டு என்று எந்த சமஸ்கிருதச் சுலோகமும் அங்கே தடுக்கவில்லை. இருந்தும் கதவு மூடித்தான் இருக்கிறது. காரணம் கேட்டால் சமயம் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இது எங்க ஊர்க் கோயில், எங்க தாத்தா கட்டியது, அவங்களுக்கு அங்க தனியா கோயில் இருக்கு என்பார்கள். சாமியின் பெயரைச் சொல்லிக் காப்பாற்றப்படுவது தெருவின் எல்லை.

திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, ஆட்சியர் முன்னிலையில், நூற்றுக்கணக்கான போலீசார் சூழ, தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பொங்கல் பானையும் பூவுமாகப் போனார்கள். எண்பது ஆண்டு காத்திருப்பு என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். சுற்றுச் சுற்றாகப் பேச்சுவார்த்தை. உடன்பாடு வரவில்லை. ஜூன் 7 அன்று கோட்டாட்சியர் உத்தரவில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். இரண்டு தரப்புக்கும் வழிபாடு இல்லை, சாமிக்கும் பூசை இல்லை. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவின்படி பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்தார். 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் காவலோடு கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

சீல் வைக்க அதிகாரிகள் எடுத்தாண்டது அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவு. நிலத்துக்கோ நீருக்கோ இருவர் சண்டையிட்டு அமைதி குலையும்போது எடுக்க வேண்டிய கருவி அது. அடித்தவர்கள், அடிபட்டவர்கள் என்று இருந்த விவகாரம் ஒரே கையெழுத்தில் இரு தரப்புத் தகராறாக மாறியது. தீண்டாமைக் குற்றங்களுக்கு 1955-இலிருந்தே சட்டம் இருக்கிறது. வழிபாட்டு இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது அதன்படி தண்டனைக்குரியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தனிக் குற்றமாகவே சேர்த்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டம் சொல்கிறது. தாளில் குறையே கிடையாது. ஆனால் புகார் கொடுப்பவர் மறுநாள் களை எடுக்கப் போக வேண்டிய வயல் யாருடையது, பால் ஊற்றும் இடம் யாருடையது, பிள்ளை பள்ளிக்குப் போகும் வழி எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதையெல்லாம் எந்தச் சட்டமும் அவருக்காகக் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் பார்த்தாக வேண்டும்.

அதனால்தான் தாசில்தார் அலுவலகத்து அமைதிப் பேச்சுவார்த்தை தலித் மக்களுக்கு நீதியின் வாசலாகவும் தெரிகிறது, பொறியாகவும் தெரிகிறது. வழக்குக்கு அலைய வேண்டாம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஊரோடு பகை வேண்டாம், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்த மேசையில் உட்காரும்போதே உரிமை ஒரு கோரிக்கையாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம். திருவிழா முடிந்து மறுநாள் வந்து கும்பிடுங்கள். உங்கள் சார்பில் நாலு பேர் மட்டும் வரட்டும். பெருந்தன்மையான குரலில் இவை சொல்லப்படும். மறுபடியும் அருள்தான். இந்தத் தடவை அருளுபவர் அம்மன் அல்லர், ஊர் நாட்டாமை.

பண்டரிபுரம் விட்டலன் கோயிலைத் தலித்துகளுக்குத் திறக்கக் கோரி 1947 மே மாதம் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார். பத்து நாளில் கோயில் திறந்தது. சுதந்திரம் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது, அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடிக்கவில்லை. அன்று பட்டினி கிடப்பது தவிர வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. இன்று சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் மேசையில் பேசித் தீர்க்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன: காப்புக் கட்டும் நாள், தேர் எந்தத் தெருவுக்கு முதலில் போவது, வரி யார் எவ்வளவு கொடுப்பது, திருவிழாக் கணக்கு யார் கையில் இருப்பது. இவற்றில் விட்டுக்கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளலாம். யார் உள்ளே வரலாம் என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் கிடையாது. அதை எழுப்புகிறவரிடம் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.